வயதான பூனைக்குச் சர்க்கரை நோய் வந்தால்

கீழப்பாவூர், பாவூர்சத்திரம் பக்கம் யாருக்கும் சர்க்கரை நோய் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஆச்சிக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி, தாத்தாவுக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் மாத்திரை, மாதத்துக்கு ஒருமுறை வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனை என்று பல வீடுகளில் அது அன்றாட நடைமுறை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் துணையோடு நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நம் நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆனால் அதே வீட்டின் திண்ணையில் சுருண்டு படுத்திருக்கும் பன்னிரண்டு வயதுப் பூனைக்கும் இதே நோய் வரும், அதற்கும் இன்சுலின் ஊசிதான் வைத்தியம் என்றால் பலர் நம்புவதில்லை. "வயசாயிட்டு, அதான் மெலியுது" என்று விட்டுவிடுகிறார்கள்.

பன்னிரண்டு வயதுப் பூனை என்பது மனிதக் கணக்கில் ஏறத்தாழ 64 வயது. பதினைந்து வயது என்றால் 76. அந்த வயதில் மனிதருக்குச் சர்க்கரை தனியாக வருவதில்லை. சிறுநீரகம், மூட்டு, பல், இதயம் என்று துணைக்கு ஆட்களோடுதான் வரும். பூனைக்கும் அப்படித்தான். ஆகவே வயதான பூனையின் சர்க்கரையைப் பற்றிப் பேசும்போது, ரத்தத்தில் உள்ள ஓர் எண்ணைக் குறைப்பது எப்படி என்று மட்டும் பேசினால் போதாது. பல நோய்களைச் சுமக்கும் ஓர் உடலில் எதற்கு முதலிடம், எதை ஓரளவு விட்டுப்பிடிக்கலாம் என்பதே உண்மையான கேள்வி.

எலிக்கு வராதது பூனைக்கு ஏன் வருகிறது?

நாய்களுக்கு வரும் சர்க்கரை நோய் பெரும்பாலும் கணையத்தின் இன்சுலின் செல்கள் அழிந்துபோவதால் வருவது. பூனைக்கு வருவது வேறு வகை. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு வரும் இரண்டாம் வகையைப் போன்றது. முதலில் உடல் இன்சுலினுக்குச் சரியாகப் பணியாமல் போகிறது. அதைச் சரிக்கட்டக் கணையம் மேலும் மேலும் சுரந்து களைக்கிறது. பிறகு சுரக்கும் செல்களே குறைந்துபோகின்றன.

இந்த ஒற்றுமை மேலோட்டமானதல்ல. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் அதனுடன் அமைலின் என்ற சிறு புரதத்தையும் சுரக்கின்றன. மனிதரிடமும் பூனையிடமும் இந்த அமைலின் ஒன்றோடொன்று ஒட்டி, கரையாத நார்களாகக் கணையத்தில் படியும். படியப் படியப் பீட்டா செல்கள் சேதமாகின்றன. சர்க்கரை நோயாளிகளின் கணையத்தில் இப்படி ஏதோ படிந்திருப்பதை 1900களின் தொடக்கத்திலேயே நோய்க்கூறு வல்லுநர்கள் பார்த்திருந்தார்கள். அது என்ன பொருள் என்று தெரியவில்லை. 1987இல் சுவீடனைச் சேர்ந்த பெர் வெஸ்டர்மார்க் குழுவினர் அதைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டார்கள். அவர்கள் பயன்படுத்திய மாதிரிகள் இரண்டு: ஒன்று மனிதரின் கணையக் கட்டி, மற்றொன்று சர்க்கரை நோய் வந்த பூனையின் கணையம்.

எலியின் அமைலினும் நம்முடையதும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் அதன் நடுப்பகுதியில் மூன்று இடங்களில் புரோலின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. அது இருக்கும்வரை நார்களாகத் திரள முடியாது. எனவே எலிக்கு இந்தப் படிவு இயல்பாக ஏற்படுவதில்லை. எலியின் இந்தத் தற்காப்பைப் பார்த்து, மனித அமைலினில் அதே மூன்று இடங்களில் புரோலினை வைத்துத்தான் பிராம்லின்டைட் என்ற மருந்தை உருவாக்கினார்கள்; 2005இல் அமெரிக்காவில் அது மனிதர்களுக்கு அனுமதி பெற்றது. எலியைப் பிடிக்கும் பூனைக்கு எலியின் இந்தப் பாதுகாப்பு இல்லை. இந்த விஷயத்தில் அது நம் பக்கத்துப் பிராணி.

இதற்கு மேல் பூனையின் உடலமைப்பும் சேர்ந்துகொள்கிறது. பூனை முழுக்க முழுக்க மாமிச உண்ணி. அதன் எச்சிலில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி கிடையாது. நிறைய சர்க்கரை ஒரேயடியாக வந்தால் அதை எடுத்துப் பதப்படுத்தும் குளூக்கோகைனேஸ் என்ற நொதி அதன் கல்லீரலில் மிகக் குறைவு. தனக்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரல் புரதத்திலிருந்தே இரவும் பகலும் தயாரித்துக்கொள்கிறது. இனிப்புச் சுவையை உணரத் தேவையான மரபணு பூனையிடம் செயலிழந்து கிடக்கிறது என்பதை 2005இல் அமெரிக்காவின் மோனெல் ஆய்வு மைய விஞ்ஞானிகள் காட்டினார்கள். எலியையும் குருவியையும் தின்று வாழ வந்த உடலுக்கு நாம் மூன்று வேளையும் சோறு, பால், பிஸ்கட் என்று போடுகிறோம். கருத்தடை செய்யப்பட்டு, வீட்டுக்குள்ளேயே படுத்துக் கொழுக்கும் ஆண் பூனைகளுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அளவான எடையுள்ள பூனையைவிடப் பருத்த பூனைக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு.

இன்னொரு காரணத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். அரிப்பு, வாய்ப்புண், மூச்சிரைப்பு என்று பூனையைக் கொண்டுபோனால் சில வேளை ஸ்டீராய்டு ஊசி போடப்படுகிறது. அதில் வாரக்கணக்கில் உடலில் தங்கும் வகையும் உண்டு. ஸ்டீராய்டு இன்சுலினின் வேலையை முடக்கும். ஏற்கெனவே விளிம்பில் நிற்கும் வயதான பூனையை அது நோய்க்குள் தள்ளிவிடும். ஊசி போடுமுன் "இது ஸ்டீராய்டா டாக்டர்?" என்று கேட்பதில் தவறே இல்லை.

எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

நல்ல மழை ஆண்டில் சிற்றாற்றுத் தண்ணீர் வந்து கீழப்பாவூர்க் குளம் நிறைந்தால் மறுகால் பாயும். கரை மட்டம் வரை தண்ணீர் உள்ளே நிற்கும். அதற்கு மேல் வருவது வெளியே போகும். ரத்தச் சர்க்கரைக்கும் சிறுநீரகத்தில் அப்படி ஒரு மட்டம் உண்டு. மனிதருக்கு டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராம். பூனைக்கு அந்த மட்டம் உயரம்: 250 முதல் 290 வரை. அதைத் தாண்டினால் சர்க்கரை சிறுநீரில் கலந்து, தண்ணீரையும் இழுத்துக்கொண்டு வெளியேறுகிறது. போன தண்ணீரை ஈடுகட்டப் பூனை குடித்துக்கொண்டே இருக்கிறது. சாப்பிட்டது செல்லுக்குள் சேராததால் எவ்வளவு தின்றாலும் மெலிகிறது.

நகரத்து அடுக்குமாடிப் பூனை மணல் தட்டில் சிறுநீர் கழிப்பதால் அளவு கூடினால் தெரிந்துவிடும். நம்மூர்ப் பூனை தோட்டத்துக்கும் வாய்க்கால் கரைக்கும் போய்விட்டு வருகிறது. ஆகவே மற்ற அடையாளங்களைக் கவனிக்க வேண்டும். முன்பு கிண்ணத்தை எட்டிப் பார்க்காத பூனை இப்போது குளியலறை வாளியையும் மாட்டுத் தொட்டியையும் தேடிப் போகிறதா? சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்க்கிறதா? தடவும்போது முதுகெலும்பு கைக்குத் தட்டுப்படுகிறதா? மதில் மேல் ஒரே தாவலில் ஏறியது இப்போது தயங்கி நிற்கிறதா?

குறிப்பாகப் பின்னங்கால்களைப் பாருங்கள். பூனை இயல்பில் விரல்நுனியில் நடக்கும் பிராணி. சர்க்கரை பல மாதம் கூடியே இருந்தால் பின்னங்கால் நரம்புகள் பாதிக்கப்பட்டு, குதிங்கால் முழுவதும் தரையில் பதிய நடக்கத் தொடங்கும். இதைப் பலரும் கால் ஊனம் என்று நினைக்கிறார்கள். உரிய காலத்தில் வைத்தியம் தொடங்கினால் பல பூனைகளுக்கு இந்த நடை மெல்ல மெல்லத் தேறுகிறது.

ரத்தப் பரிசோதனையில் ஒரு சிக்கல்

கீழப்பாவூரிலிருந்து திருநெல்வேலி ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குச் சுமார் 40 கிலோமீட்டர். கூடையில் அடைத்து, ஆட்டோவிலும் பஸ்ஸிலும் ஏற்றி, நாய்கள் குரைக்கும் இடத்தில் காத்திருக்க வைத்தால், சர்க்கரை நோயே இல்லாத பூனைக்கும் ரத்தச் சர்க்கரை 300ஐத் தாண்டக்கூடும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் செய்யும் வேலை அது. எனவே ஒரே ஒரு ரத்த அளவை வைத்துப் பூனைக்குச் சர்க்கரை நோய் என்று முடிவு கட்டக் கூடாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஃபுருக்டோசமைன் என்ற பரிசோதனை. ரத்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்ட சர்க்கரையை அளப்பதால், கடந்த ஒன்றிரண்டு வாரங்களின் சராசரியை அது காட்டும். அன்றைய பயம் அதைப் பாதிக்காது. இன்னொன்று, பழகிய வீட்டிலேயே சிறுநீரைச் சோதிப்பது. மருந்துக் கடையில் கிடைக்கும் சிறுநீர்ப் பரிசோதனைப் பட்டை சர்க்கரையையும், உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் கீட்டோனையும் காட்டும். அகலத் தட்டில் நன்றாகக் கழுவிய சிறு கூழாங்கற்களைப் பரப்பி வைத்தால் சிறுநீர் அடியில் தேங்கும். பட்டையை நனைத்துப் பார்த்துவிடலாம். சர்க்கரையோடு கீட்டோனும் தெரிந்து, பூனை வாந்தி எடுத்துச் சோர்ந்து கிடந்தால், அது மறுநாளுக்குத் தள்ளிவைக்கக் கூடிய விஷயமல்ல. உடனே மருத்துவமனை.

ஒரு நோய்க்குப் பின்னால் இன்னொன்று

வயதான பூனைக்குச் சர்க்கரை என்று தெரிந்ததும் நல்ல மருத்துவர் அதோடு நிறுத்தமாட்டார். வேறு என்ன இருக்கிறது என்று தேடுவார்.

முதலில் சிறுநீரகம். பத்து வயதைத் தாண்டிய பூனைகளில் நாட்பட்ட சிறுநீரக நோய் மிகச் சாதாரணம். அதுவும் தண்ணீர் தாகத்தையும் மெலிவையும் கொடுக்கும். சர்க்கரை நோயின் அடையாளங்களோடு அப்படியே ஒத்துப்போகும். அடுத்து தைராய்டு மிகை. மேலை நாடுகளில் வயதான பூனைகளுக்கு மிகுதியாகக் காணப்படும் ஹார்மோன் கோளாறு இது. நிறையச் சாப்பிட்டும் மெலிவது இதற்கும் அடையாளம். தைராய்டு கூடினால் உடல் புரதங்கள் வேகமாகச் சிதைவதால் ஃபுருக்டோசமைன் அளவு உண்மையைவிடக் குறைவாகத் தெரியும், நோய் மறைந்துகொள்ளும்.

கணைய அழற்சி மூன்றாவது. அது சர்க்கரைக்குக் காரணமாகவும் இருக்கலாம், துணையாகவும் வரலாம். ஒரு நாள் நன்றாகச் சாப்பிட்டு மறுநாள் தட்டைத் தொடாமல் இருக்கும் பூனையிடம் இதைச் சந்தேகிக்க வேண்டும். சொத்தைப் பல், ஈறு வீக்கம், சிறுநீர்ப்பைத் தொற்று ஆகியவையும் இன்சுலின் வேலை செய்யவிடாமல் தடுக்கும். பல்லைச் சரிசெய்த பிறகு இன்சுலின் தேவை குறைவது உண்டு.

எவ்வளவு இன்சுலின் போட்டும் சர்க்கரை அசையவில்லை, ஆனால் பூனை மெலியாமல் எடை கூடுகிறது என்றால், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் வளர்ச்சி ஹார்மோனை மிகையாகச் சுரக்கும் கட்டி இருக்கலாம். பிரிட்டனில் 1,221 சர்க்கரைப் பூனைகளைச் சோதித்து 2015இல் வெளிவந்த ஆய்வில், ஏறத்தாழ நான்கில் ஒன்றுக்கு வளர்ச்சி ஹார்மோன் மிகையைக் காட்டும் ரத்த அளவு இருந்தது.

மூட்டுத் தேய்வை மறந்துவிடக் கூடாது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய 100 பூனைகளின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வில் 90 பூனைகளுக்கு மூட்டுத் தேய்வின் அறிகுறி இருந்தது. வலிக்கிறதே என்று நாம் போடும் பாரசிட்டமால் மாத்திரையைப் பூனைக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதைச் செரித்து வெளியேற்றும் நொதி வழி பூனையின் கல்லீரலில் மிகப் பலவீனம். ஒரே மாத்திரை உயிரைப் பறிக்கும்.

ஒரு யூனிட்டின் கதை

பூனைக்கு இன்சுலின்தான் முதன்மை மருந்து. நம் நாட்டில் கால்நடை மருத்துவர்கள் பெரும்பாலும் மனிதருக்கான நீண்ட நேர இன்சுலினான கிளார்ஜினையே எழுதித் தருகிறார்கள். தோலுக்கு அடியில் போனதும் அது நுண்ணிய படிவாகி, சிறிது சிறிதாகக் கரைந்து ரத்தத்தில் சேர்கிறது. பூனையின் உடல் இன்சுலினை வேகமாகச் செலவழித்துவிடும் என்பதால் நாளுக்கு இரண்டு வேளை, 12 மணி நேர இடைவெளியில் போட வேண்டும். ஆச்சி போடும் கலவை இன்சுலின் பூனைக்குப் பொருந்தாது. அதன் வேலை பூனையிடம் 12 மணி நேரம் நீடிப்பதில்லை.

அளவைப் பாருங்கள். நாலு கிலோ பூனைக்கு வழக்கமான தொடக்க அளவு வேளைக்கு ஒரு யூனிட். கிளார்ஜினில் ஒரு மில்லிலிட்டரில் 100 யூனிட் இருக்கிறது. ஆகவே ஒரு யூனிட் என்பது ஒரு மில்லிலிட்டரில் நூறில் ஒரு பங்கு. ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்குதான். இந்த இடத்தில்தான் நம் ஊரில் பெரிய விபத்துக்கு வாய்ப்பிருக்கிறது. இந்தியாவில் வழக்கமான இன்சுலின் குப்பிகள் மில்லிலிட்டருக்கு 40 யூனிட் கொண்டவை. அவற்றுக்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100 யூனிட் இன்சுலினுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. அவசரத்தில் ஆச்சியின் சிவப்பு மூடி சிரிஞ்சை எடுத்துக் கிளார்ஜினில் ஒரு கோடு இழுத்தால், உள்ளே போவது ஒன்றல்ல, இரண்டரை யூனிட். பூனைக்கு அது ஆபத்தான அளவு. மூடியின் நிறத்தைப் பார்க்காமல் ஊசியைத் தொடுவதில்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்துகொள்ள வேண்டும். பூனையின் மருந்தும் ஊசியும் தனி டப்பாவில் இருக்கட்டும். ஆச்சியின் இன்சுலின் பேனாவைப் பூனைக்கும் பூனையுடையதை ஆச்சிக்கும் ஒருபோதும் மாற்றிப் பயன்படுத்தக் கூடாது.

போடுவது கடினமல்ல. முதலில் சாப்பாட்டைத் தட்டில் வைக்க வேண்டும். பூனை தின்னத் தொடங்கியதும் அதன் விலாப் பக்கத்துத் தோலை இரண்டு விரலால் லேசாகத் தூக்கினால் கூடாரம் போல ஒரு மடிப்பு வரும். மடிப்பின் அடிப்பாகத்தில் ஊசியை நுழைத்து மெதுவாக அழுத்தி எடுத்துவிட வேண்டும். ஊசி மயிரிழை போல இருப்பதால் பெரும்பாலான பூனைகள் தட்டிலிருந்து தலையைக்கூடத் தூக்குவதில்லை. எடுத்த பிறகு விரலால் தடவிப் பாருங்கள். மயிர் ஈரமாக இருந்தால் மருந்து வெளியே போய்விட்டது என்று அர்த்தம். அப்போதும் இன்னொரு ஊசி போடக் கூடாது. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியாது. அடுத்த வேளைக்கு வழக்கமான அளவைத் தொடர்ந்தால் போதும்.

பங்குனி, சித்திரை வெயிலில் வீட்டுக்குள் வெப்பம் 30 டிகிரியைத் தாண்டும். பிரிக்காத இன்சுலினைக் குளிர்பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். உறைபெட்டியில் வைத்தால் கெட்டுவிடும். நீண்ட மின்வெட்டு என்றால் ஈரமணலில் வைத்த சிறு மண்பானைக்குள் வைப்பது நம் வீடுகளில் அறிந்த வழிதான்.

கூடிய சர்க்கரையைவிடக் குறைந்த சர்க்கரை கொடியது

வயதான பூனையின் வைத்தியத்தில் எல்லாவற்றுக்கும் மேலான பாடம் இது. ரத்தச் சர்க்கரை சில நாள் 300ஐ ஒட்டி நின்றால் பூனை செத்துவிடாது. 60க்குக் கீழே போனால் சில மணி நேரத்தில் செத்துவிடலாம். தள்ளாடுவது, வெறித்துப் பார்ப்பது, திடீரென்று துவண்டு படுப்பது, வலிப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். உடனே தேனையோ சீனிப்பாகையோ விரலில் தொட்டு ஈறுகளில் தேய்க்க வேண்டும். நினைவில்லாத பூனையின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாயில் போய்விடும். தெளிந்ததும் சாப்பாடு கொடுத்து, தாமதிக்காமல் மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

பல நோய் உள்ள பூனைக்கு இந்த ஆபத்து ஏன் கூடுகிறது என்று பாருங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் உடலை விட்டு வெளியேறத் தாமதமாகும். நேற்றுச் சரியாக இருந்த அளவு இன்று மிகையாகிவிடும். கணைய அழற்சி வந்தால் பூனை திடீரென்று சாப்பிடாது; ஊசி மட்டும் உள்ளே போயிருக்கும். தைராய்டுக்கு மாத்திரை தொடங்கினால் இன்சுலின் தேவை குறையும். பல்லைப் பிடுங்கினாலும் குறையும். சோற்றிலிருந்து மாமிசத்துக்கு உணவை மாற்றினாலும் குறையும். ஆக, பூனையின் உடலில் வேறு எதைச் சரிசெய்தாலும் இன்சுலின் அளவை மறுபடி பார்த்தாக வேண்டும். பூனை சாப்பிடவில்லை என்றால் முழு அளவு ஊசி போடக் கூடாது. மருத்துவரைக் கேட்டபின்தான் அடுத்த அடி.

வீட்டிலேயே சர்க்கரை பார்ப்பதும் சாத்தியம்தான். பூனையின் காதுமடல் ஓரத்தில் ஒரு மெல்லிய ரத்தக்குழாய் ஓடுகிறது. வெதுவெதுப்பான துணியால் காதைச் சூடாக்கி, பின்புறம் பஞ்சை அணை கொடுத்து, ஓரத்தில் குத்தினால் கடுகளவு ரத்தம் வரும். மனிதர் கருவியே போதும்; ஆனால் சர்க்கரை ரத்தச் சிவப்பணுக்களிலும் நீர்ப்பகுதியிலும் பங்கிட்டிருக்கும் விகிதம் பூனையிடம் வேறு என்பதால், கருவி உண்மையைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டும். அந்த எண்களைத் தேதியும் நேரமும் போட்டு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால், மருத்துவரிடம் பயத்தில் எடுக்கும் ஓர் எண்ணைவிட அது பல மடங்கு உதவும்.

எந்தச் சாப்பாடு?

சர்க்கரைக்கு நல்லது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல என்ற இழுபறி இங்கேதான் வருகிறது. சர்க்கரை நோய்ப் பூனைக்குப் புரதம் நிறையவும் மாவுச்சத்து மிகக் குறைவாகவும் உள்ள உணவு வேண்டும். சிறுநீரக நோய்க்கான உணவிலோ புரதமும் பாஸ்பரஸும் குறைவு. அந்த இடத்தை மாவுச்சத்தும் கொழுப்பும் நிரப்பும். இரண்டு நோயும் உள்ள பூனைக்கு எதைக் கொடுப்பது?

விடை சிறுநீரகம் எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ரத்தத்தில் கிரியேட்டினின் என்ற கழிவு டெசிலிட்டருக்கு 1.6 முதல் 2.8 மில்லிகிராம் வரையுள்ள இரண்டாம் நிலையில், பாஸ்பரஸைக் கட்டுப்படுத்திக்கொண்டு சர்க்கரைக்கான உணவையே தொடர மருத்துவர் சம்மதிக்கலாம். 2.9ஐத் தாண்டிய மூன்றாம், நான்காம் நிலைகளில் சிறுநீரகத்துக்கே முதலிடம். அதனால் சர்க்கரை ஏறினால் இன்சுலினைக் கூட்டிச் சமாளித்துக்கொள்ளலாம். இன்சுலின் அளவை மாற்றலாம்; போன சிறுநீரகம் திரும்பி வராது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி உண்டு: மிகச் சிறந்த உணவாக இருந்தாலும் பூனை தொடாவிட்டால் பயனில்லை. பருத்த பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் கல்லீரலில் கொழுப்பு அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். சாப்பிடும் பூனைதான் பிழைக்கும் பூனை.

நடைமுறையில், ஈரமான டின் உணவும் பாக்கெட் உணவும் உலர்ந்த உருண்டைகளைவிட நல்லவை. உருண்டையாகப் பிடித்து நிற்க மாவுச்சத்து இல்லாமல் முடியாது. ஈர உணவால் தண்ணீரும் சேரும். சிறுநீரகத்துக்கு அது உதவி. வீட்டில் கொடுப்பதானால் சோற்றையும் பாலையும் படிப்படியாகக் குறைத்து, உப்பும் மசாலாவும் சேர்க்காமல் அவித்த கோழிக்கறியையும் முள் எடுத்த மீனையும் கூட்டலாம். குழம்பு மீனைக் கழுவிப் போடுவது போதாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களைச் சிதைக்கும்; குழம்பில் அவை ஊறியிருக்கும். வெறும் சாளை மீனையோ வெறும் ஈரலையோ மட்டும் தினமும் போடுவதும் தவறு. டாரின், கால்சியம் உள்ளிட்ட சத்துகள் சமநிலையில் இல்லாவிட்டால் வேறு நோய் வரும். டாரின் குறைவால் பூனையின் இதயத் தசை தளர்வதை 1987இலேயே கண்டறிந்திருக்கிறார்கள். வீட்டு உணவே வழி என்றால் என்ன சேர்க்க வேண்டும் என்று மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

மாத்திரை வந்துவிட்டதா?

ஊசிக்குப் பதில் வாய்வழி மருந்து அமெரிக்காவில் வந்திருக்கிறது. 2022 டிசம்பரில் பெக்ஸாகிளிஃப்ளோசின் மாத்திரையும், 2023இல் வெலாகிளிஃப்ளோசின் திரவமும் பூனைகளுக்கு அனுமதி பெற்றன. சிறுநீரகம் சர்க்கரையை ரத்தத்துக்குத் திருப்பி எடுப்பதைத் தடுத்து, அதைச் சிறுநீரிலேயே அனுப்பிவிடுவது இவற்றின் வேலை. ஆனால் இவை மற்றபடி ஆரோக்கியமான, முன்பு இன்சுலின் போடாத பூனைகளுக்கானவை. நன்றாகச் சாப்பிடாத, கணையமோ கல்லீரலோ சிறுநீரகமோ கெட்டுப்போன பூனைக்குக் கொடுத்தால், ரத்தச் சர்க்கரை சாதாரணமாக இருக்கும்போதே கீட்டோன் ஏறி உயிர் போகலாம். பல நோயுள்ள கிழப் பூனைக்கு இன்னும் இன்சுலினே பாதுகாப்பு. ஆச்சியின் சர்க்கரை மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுத்துப் பார்க்கும் யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள்.

எது வெற்றி?

நோய் தெரிந்த சில மாதங்களுக்குள் முறையான இன்சுலினும் மாவுச்சத்துக் குறைந்த உணவும் தொடங்கினால், கணிசமான பூனைகளுக்கு இன்சுலின் தேவையே இல்லாமல் போகிறது. மனிதரிடம் இப்படி நடப்பது அரிது. ஆனால் பதினான்கு வயதில், சிறுநீரகமும் மூட்டும் தளர்ந்த பூனைக்கு அதையே இலக்காக வைத்துத் துரத்தக் கூடாது. எண்ணைத் துல்லியமாகப் பிடிக்கப் போனால் தாழ்சர்க்கரைக் குழியில் விழும். அதற்கு வெற்றி என்பது இவைதான்: எடை குறையாமல் நிற்பது, தாகம் தணிவது, ஆவலோடு சாப்பிடுவது, உடலை நக்கிச் சுத்தம் செய்துகொள்வது, வெயில் விழும் இடத்துக்குத் தானே நடந்துபோய்ப் படுப்பது. இவை இருக்கும்வரை எண் 250 என்று காட்டினாலும் வைத்தியம் பலிக்கிறது. இவை ஒவ்வொன்றாகப் போய், மருந்து எதற்கும் மீளவில்லை என்றால், வலியில்லாமல் விடைகொடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசுவதும் அந்தப் பிராணியை நேசிப்பதன் பகுதிதான்.

சர்க்கரை நோயைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது. நேரத்துக்கு ஊசி, நேரத்துக்குச் சாப்பாடு, கருவியில் ஓர் எண், நோட்டில் ஒரு குறிப்பு. ஆச்சிக்குச் செய்வதைப் பூனைக்கும் செய்யத் தெரியாதவர்கள் அல்லர் நாம். ஆகவே கேட்டுக்கொள்வது ஒன்றுதான். பத்து வயதைத் தாண்டிய உங்கள் பூனை வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தண்ணீர் குடித்தாலோ, தின்றும் மெலிந்தாலோ, வயதின் மேல் பழியைப் போடாதீர்கள். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்; அங்கே வசதி இல்லையென்றால் ராமையன்பட்டிக்குக் கொண்டுபோங்கள். சர்க்கரையோடு சிறுநீரகம், தைராய்டு மூன்றையும் ஒரே ரத்த மாதிரியில் பார்த்துவிடச் சொல்லுங்கள். நேரத்தோடு கண்டுகொண்ட பூனைக்கு இன்னும் சில நல்ல ஆண்டுகள் கிடைக்கும்.